குரோஷா தோரணம்: நூலுக்கு 120 ரூபாய், கைக்கு எவ்வளவு? வீட்டில் பின்னி விற்க நினைப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

நவராத்திரி நெருங்கினால் கொலுப்படி ஓரத்துக்கு லேஸ், தீபாவளிக்கு நிலைவாசல் தோரணம், டிசம்பரில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம், தை பிறந்தால் பொங்கல் பானைக்கு அடியில் வைக்கும் பின்னல் வட்டம். ஒரு காலத்தில் பாட்டி வீட்டு டிவி கவரோடு முடிந்துபோனதாக நினைத்த குரோஷா பின்னல், இப்போது ரீல்ஸ் வழியாக மறுபடியும் வீடுகளுக்குள் வந்திருக்கிறது.

"நல்லா பின்றியே, இதை வித்தா என்ன?" என்று யாராவது ஒருவர் கேட்கும் இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. என்ன விலை சொல்வது? நூல் வாங்கிய காசு தெரியும். கை பார்த்த வேலைக்கு என்ன கணக்கு?

நூலுக்குப் பஞ்சமே இல்லாத ஊர் அருப்புக்கோட்டை. கைத்தறியும் நூற்பாலைகளும் கொண்ட அந்தக் கரிசல் பூமியை வைத்தே இந்தக் கேள்விக்கு விடை தேடலாம்.

குரோஷா என்றால் என்ன?

'குரோஷே' என்பது பிரெஞ்சுச் சொல். சின்னக் கொக்கி என்று பொருள். நம்ம ஊரில் அது 'குரோஷா' ஆகிவிட்டது. முனையில் கொக்கி உள்ள ஒரே ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு, அவ்வளவுதான். கொக்கியால் நூலை இழுத்து ஒரு கண்ணி, அந்தக் கண்ணிக்குள் இன்னொரு கண்ணி என்று போட்டுக்கொண்டே போனால் துணி உருவாகும்.

கைத்தறிக்கு வீட்டில் தறி போட இடம் வேண்டும், பாவு ஓட வேண்டும், கூட ஆட்கள் வேண்டும். குரோஷாவுக்கு இடமும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். மழை பொய்த்துக் காட்டில் வேலை இல்லாத மாதங்களிலும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்திலும் செய்யலாம். திருச்சுழி, அருப்புக்கோட்டை போன்ற வானம் பார்த்த பகுதிகளுக்கு இது பொருந்துகிற தொழில் என்பது இதனால்தான்.

மெஷின்ல போட முடியாதா?

வணிக அளவில் குரோஷா போடும் இயந்திரம் இன்னும் சந்தையில் இல்லை. இதுதான் பலருக்கும் தெரியாத செய்தி.

திருப்பூரில் மெஷினில் ஓடுவது நிட்டிங். அதில் வரிசையாக நூற்றுக்கணக்கான கண்ணிகளை ஊசிகள் பிடித்துக்கொண்டிருக்கும், ஒரு வரிசையே ஒரு வீச்சில் முடியும். குரோஷாவில் ஒரு கண்ணியை முடித்த பிறகுதான் அடுத்தது. கொக்கி துணியின் எந்த இடத்திலும், எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையும். அந்த அசைவை மலிவாகவும் வேகமாகவும் செய்யும் மெஷின் வரவில்லை. 'குரோஷே மெஷின்' என்ற பெயரில் ஆலைகளில் இருப்பவை வேறு வகைப் பின்னலில் குரோஷா போலத் தெரியும் லேஸைத் தருபவை.

அப்படியென்றால், கடையிலோ ஆன்லைனிலோ அசல் குரோஷா பை ஒன்று 150 ரூபாய்க்குக் கிடைத்தால், அதையும் எங்கோ ஒருவர் உட்கார்ந்து கையால்தான் பின்னியிருக்கிறார். அந்த விலையில் அவருக்குக் கிடைத்தது எவ்வளவு என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

நரசாபூரில் என்ன நடந்தது?

ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள நரசாபூர், இந்தியாவில் குரோஷா லேஸுக்குப் பேர்போன ஊர். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக அங்கே வந்த இந்த வேலை, சுற்றுவட்டார கிராமப் பெண்களின் கையில் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. நரசாபூர் குரோஷா லேஸுக்கு 2024ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே தினமும் பல மணி நேரம் லேஸ் பின்னினார்கள். ஆனால் கிடைத்த கூலி, விவசாயக் கூலிப் பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு. நூல் கொடுத்து பீஸ் வாங்கியவர்களும் ஏற்றுமதியாளர்களும் வளர்ந்தார்கள். 'வீட்ல சும்மா இருக்குற நேரத்துல பின்றதுதானே' என்ற ஒரு எண்ணமே கூலியைக் கீழே பிடித்து வைத்தது என்பதுதான் அவரது முக்கியமான வாதம்.

கையில் வரும் காசு ஒரு வாழ்க்கையை மாற்றியதற்கும் உதாரணம் உண்டு. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது, கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நம் பக்கத்தில், 1819ல் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல, திண்டின் மேல் மரக்குச்சிகளில் நூல் சுற்றிப் பின்னும் வகை. அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைப் பெற்றதாக அந்த மிஷன் வரலாறு சொல்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஆள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் உலகின் மிகப்பெரிய குரோஷா போர்வையை உருவாக்கி கின்னஸ் சாதனை படைத்தது. அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர். பல ஊர்ப் பெண்கள் தனித்தனியாகப் பின்னி அனுப்பிய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்த போர்வை அது. அத்தனை துண்டும் கையால் போட்டது.

அருப்புக்கோட்டை மில் நூலில் பின்னலாமா?

அப்படியே எடுத்துப் போட்டால் சரிவராது. நெசவுக்கான கோன் நூல் மெல்லிய ஒற்றை இழை. கொக்கி பட்டால் பிரியும், அறுந்தும் போகும். குரோஷா நூல் என்பது பல இழைகளைச் சேர்த்து இறுக்கமாக முறுக்கியது. பளபளப்பும் பலமும் வர மெர்சரைஸ் செய்த பருத்தி நூலும் கடைகளில் உண்டு. மில் நூல்தான் கையில் இருக்கிறது என்றால், பல இழைகளைச் சேர்த்து முறுக்கிக்கொண்டு முதலில் ஒரு சின்னத் துண்டு போட்டுப் பார்ப்பது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

- பருத்தியா, அக்ரிலிக்கா? அக்ரிலிக் 'உல்லன்' நூல் விலை குறைவு, கலர் அதிகம். ஆனால் சூடு பட்டால் உருகும். சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் வட்டத்துக்குப் பருத்தி நூல் மட்டும்தான். தோரணம் எந்த நூலில் பின்னியதாக இருந்தாலும் கார்த்திகை விளக்குக்குப் பக்கத்தில் தொங்க விடக் கூடாது.
- ஊசி அளவு: மெல்லிய லேஸ் நூலுக்கு 1 முதல் 1.75 மி.மீ. ஸ்டீல் ஊசி. தடித்த பருத்தி நூலுக்கு 2.5 முதல் 3.5 மி.மீ. கற்றுக்கொள்பவர்கள் தடித்த நூலில் ஆரம்பித்தால் கண்ணி தெளிவாகத் தெரியும்.
- சாயம்: அடர் சிவப்பு, கருநீலம் நூல்களில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் வெள்ளையோடு சேர்த்துப் பின்ன வேண்டாம்.

முதலில் எதைப் பின்னலாம்?

டம்ளர் வைக்கும் வட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தோரணத்தில் தொங்கும் பூ, கொலுப் பொம்மைக்கு அடியில் விரிக்கும் துணி, மரத்தில் மாட்டும் நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த வட்டம்தான்.

1. நூல் வளையத்துக்குள் 6 சிங்கிள் குரோஷே போடுங்கள்.
2. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு. மொத்தம் 12.
3. மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு. மொத்தம் 18.
4. இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் 6 கண்ணி கூட்டிக்கொண்டே போனால் 24, 30, 36 என்று வளரும். தடித்த நூலில் 8 முதல் 10 சுற்றில் டம்ளர் வைக்கும் அளவு வந்துவிடும்.

வட்டம் தட்டையாக வருவதற்குக் காரணம் அந்த 6 தான். கூட்டுவது குறைந்தால் ஓரம் கிண்ணம் மாதிரி மடங்கும். அதிகமானால் பாவாடை மாதிரி சுருக்கம் விழும். எங்கே தப்பு என்று தேட வேண்டாம், கண்ணியை எண்ணினாலே தெரிந்துவிடும்.

வீடியோ பார்த்துப் பழகுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்கர்கள் 'சிங்கிள் குரோஷே' என்று சொல்வதைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் 'டபுள் குரோஷே' என்கிறார்கள். எந்த நாட்டு முறை என்று பார்க்காமல் போட்டால் அளவே மாறிவிடும்.

சரி, விலை எப்படி வைப்பது?

ஒரு உதாரணக் கணக்கு. மூன்று அடி நிலைவாசல் தோரணம். நூலும் மணியும் சேர்த்து 120 ரூபாய். பின்ன 6 மணி நேரம். தெரிந்தவர்கள் என்று 250 ரூபாய்க்குக் கொடுக்கிறார் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம்.

250ல் 120 போக மீதி 130 ரூபாய். அதை 6 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 22 ரூபாய்கூட வராது. எட்டு மணி நேரம் பின்னினாலும் நாளைக்குச் சுமார் 173 ரூபாய்தான்.

2025-26 நிதியாண்டுக்கு 100 நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அதாவது, '130 ரூபாய் லாபம்' என்று சந்தோஷப்பட்டவர் உண்மையில் அந்தக் கூலியில் பாதிக்குத்தான் உழைத்திருக்கிறார்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். 336 ரூபாயை எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42. ஆறு மணி நேரத்துக்கு 252. நூல் 120 சேர்த்தால் 372 ரூபாய். இதற்குக் கீழே விற்றால் கைக்கூலியில்தான் அடி விழும். கடையில் வைத்து விற்க 20 சதவீதம் கமிஷன் கேட்டால், விலை 465 ரூபாயாவது இருக்க வேண்டும்.

"அவ்ளோ விலைக்கு யார் வாங்குவாங்க?" என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் கூலியைக் குறைப்பது அல்ல, பொருளைச் சின்னதாக்குவது. 6 மணி நேரத் தோரணத்துக்குப் பதில் அரை மணி நேரத்தில் முடியும் கொலு விரிப்பு, சாவிக்கொத்துப் பூ, நட்சத்திரம் போன்றவை சின்ன விலையிலேயே நேரத்துக்கான கூலியைத் தந்துவிடும். பெரிய தோரணத்தை முன்பணம் வாங்கிக்கொண்டு ஆர்டருக்கு மட்டும் செய்யலாம். நேரத்தை ஊகிக்கவும் வேண்டாம். பின்ன உட்காரும்போது போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிட்டாலே போதும்.

ஏஜென்ட் நூல் கொடுத்து பீஸ் ரேட்டில் வாங்குகிறார் என்றாலும் இதே கணக்குதான். ஒரு பீஸுக்கு என்ன நேரம் பிடிக்கிறது என்று முதலில் ஒன்று பின்னிப் பார்த்துவிட்டுத்தான் ரேட்டுக்குச் சம்மதிக்க வேண்டும்.

அரசு வழியில் என்ன இருக்கிறது?

- மகளிர் சுய உதவிக் குழு: தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ் உள்ள குழுக்களின் பொருட்கள் 'மதி' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. மாவட்டங்களில் பூமாலை வணிக வளாகங்களும் இதற்காக உள்ளன. குழுவில் இருப்பவர்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வழியாகக் கேட்கலாம்.
- பெஹ்சான் அட்டை: மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை ஆணையரகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டை. அரசுக் கண்காட்சிகளில் ஸ்டால் கேட்கும்போது இது உதவும்.
- இ-ஷ்ரம்: வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் உட்பட, 16 முதல் 59 வயது வரையிலான அமைப்புசாராத் தொழிலாளர்கள் இலவசமாகப் பதியலாம்.
- பிஎம் விஸ்வகர்மா: இதில் உள்ள 18 தொழில்களில் பூமாலை கட்டுதல், தையல், கூடை முடைதல் உண்டு. குரோஷா தனித் தொழிலாக இல்லை. யாராவது 'விஸ்வகர்மால வாங்கித் தரேன்' என்று பணம் கேட்டால் உஷாராக இருக்க வேண்டும்.

வாங்குபவர்களுக்கு?

மல்லிகை கிலோ என்ன விலை என்று அருப்புக்கோட்டைச் சந்தையில் எல்லோருக்கும் தெரியும். பறித்த கைக்கும் கட்டிய கைக்கும் தனித்தனிக் கூலி உண்டு என்பதும் தெரியும். குரோஷா தோரணத்துக்கும் அதே கணக்குதான். அடுத்த முறை பேரம் பேசுவதற்கு முன்னால், "இதைப் பின்ன எவ்ளோ நேரம் ஆச்சுக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அந்த நேரத்தை மணிக்கு 42 ரூபாயால் பெருக்கி, நூல் விலையையும் சேர்த்துப் பாருங்கள். அவர் சொல்கிற விலை அதிகமா குறைவா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.