கல்லாப் பணமும் நம் பிள்ளைகளும்

குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் பலசரக்குக் கடை நடத்தும் வணிக அன்பர்கள் பலருக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பள்ளி விட்டு வரும் பிள்ளை பையை வைத்ததும் பார்ப்பது கல்லாவைத்தான். சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மாதக் கடைசியில் கை இறுகுவது தெரியும். நம் பிள்ளைக்கோ கல்லாவில் எப்போதும் பணம் இருப்பதாகவே தெரிகிறது. அதில் மொத்த வியாபாரிக்குப் போக வேண்டியது எவ்வளவு, நமக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். விற்ற பணம் வேறு, லாபம் வேறு என்பதே கடைக்காரர் பிள்ளைக்கு முதல் பாடம் என்பது நம் கருத்து.

இதற்கு ஒரு மிட்டாய் பாட்டிலைப் பிள்ளையின் பொறுப்பில் விட்டால் போதும். 100 மிட்டாய் உள்ள பாட்டில் 80 ரூபாய்க்கு வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 1 ரூபாய் வீதம் விற்றால் லாபம் 20 ரூபாய். பிள்ளை 10 மிட்டாயைத் தின்றுவிட்டால் வரவு 90, லாபம் 10. பத்து மிட்டாய்தானே என்று தோன்றும்; போனதோ பாதி லாபம். இருபதுக்கு மேல் தின்றால் முதலுக்கே மோசம். மறு பாட்டிலுக்கான 80 ரூபாயை எடுத்து வைத்த பிறகே மீதியைத் தொடலாம் என்று பழக்கி, வரவு செலவைப் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லலாம்.

ஆனால் நாமே கல்லாவில் கைவிட்டு எடுத்து, எழுதாமல் செலவழித்தால் பிள்ளை கற்பது அதைத்தான். வீட்டுக்கு எடுப்பது எத்தனை சிறிய தொகையானாலும் 'சொந்தப் பற்று' என்று நோட்டில் ஏற வேண்டும். விருதுநகர் வணிகர்கள் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கைப் பொதுவுக்கு ஒதுக்கியதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம். 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படிச் சேர்ந்த பணத்தில் வளர்ந்ததுதான். காமராசர் படித்த பள்ளி அது.

சற்று வளர்ந்த பிள்ளைக்குக் கடன் நோட்டைக் காட்ட வேண்டும். நம் கரிசல் காட்டில் கடனும் மழையும் ஒட்டிப் பிறந்தவை. புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் மழை. உளுந்தும் பாசியும் வீடு வர மார்கழி, தை ஆகும். மிளகாய் வற்றல் அதற்கும் பிந்தி. அதுவரை சம்சாரி வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும் பற்றில்தான் போகின்றன. புரட்டாசி முதல் மாதம் 2,000 ரூபாய் சரக்கு என்றால் தை பிறக்கும்போது ஒரு வீட்டின் நிலுவை 8,000. பத்து வீட்டுக்கு 80,000. மொத்த வியாபாரியோ அத்தனை மாதம் காத்திருக்க மாட்டார். இந்த இடைவெளியை நாம் எதைக் கொண்டு அடைக்கிறோம், மழை பொய்த்தால் எந்த வீட்டை எவ்வளவு காலம் பொறுப்போம் என்பதைப் பிள்ளையுடன் உட்கார்ந்து பேசலாம். மகளையும் உட்கார வையுங்கள். மதிய நேரத்தில் கடையைத் தாங்குவது பல இடங்களில் பெண்கள்தானே. ஒரு எச்சரிக்கை: அந்த நோட்டில் கூடப் படிக்கும் பிள்ளைகளின் தகப்பனார் பெயர்களும் இருக்கும். பள்ளியில் வாய் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது பாதிப் பணம் செல்போனில் வந்துவிடுகிறது. ஒலிபெருக்கி தொகையைச் சொல்வதோடு சரி, பிள்ளை நோட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. இரவில் கல்லா ரொக்கத்தையும் செல்போன் வரவையும் கூட்டி அன்றைய விற்பனையோடு ஒத்துப்பார்க்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். 14 வயதுக்கு உட்பட்டவர்கள் படிப்பு கெடாமல், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவ 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடம் தருகிறது. அந்த வரம்பைத் தாண்டக் கூடாது.

மிட்டாய் லாபம் சேரும்போது அஞ்சலகத்திலோ வங்கியிலோ கணக்குத் தொடங்கலாம். அஞ்சலகத்தில் 10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே 500 ரூபாயில் சேமிப்புக் கணக்குத் தொடங்க முடியும். வங்கிகளிலும் 10 வயது முதல் பிள்ளைகளே கணக்கை இயக்க அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் அறிவித்தது. தொகை வரம்பை அந்தந்த வங்கி தீர்மானிக்கும். நம் கடைக் கணக்கில் ஓவர்டிராப்ட் கிடைக்கலாம். பிள்ளையின் கணக்கில் இருப்புக்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது.