உப்புத் தண்ணி ஊரில் டிஷ்வாஷர் தாங்குமா? பழவேற்காட்டை வைத்து ஒரு விளக்கம்

டிஷ்வாஷர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை பாத்திரம் கொள்ளும், எவ்வளவு கரண்ட் இழுக்கும், இஎம்ஐ எவ்வளவு என்று கேட்பார்கள். உள்ளே போகப்போகும் தண்ணி எப்படிப்பட்டது என்ற கேள்வி, பெரும்பாலும் மெஷின் ரிப்பேர் ஆன பிறகுதான் வரும். கடலோரத்தில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது பழவேற்காடு. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இங்கேதான். லைட்ஹவுஸ்குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் என ஏரியையும் கடலையும் ஒட்டி மீனவக் கிராமங்கள் வரிசையாக இருக்கின்றன. இங்கெல்லாம் டிஷ்வாஷர் இன்னும் அபூர்வப் பொருள்தான். ஆனால் 2020 ஊரடங்குக்குப் பிறகு நகரங்களில் வேகமாகப் பரவிய இந்த மெஷினை, ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் வாங்கித் தரலாமே என்று வேலைக்குப் போன பிள்ளைகள் யோசிக்கிறார்கள். மீன் விற்றுவிட்டு வந்து, அதே கையோடு பாத்திரமும் தேய்க்கிற பெண்களுக்கு அது ஆடம்பரம் இல்லை.

அந்தப் பணம் வீணாகாமல் இருக்க என்ன செய்யணும்? எண்ணூர், ஈசிஆர், கடலூர் என்று எந்தக் கடலோர ஊரில் இருந்தாலும் இது உங்களுக்கும் பொருந்தும்.

தண்ணியில் அப்படி என்ன பிரச்சினை?

இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது கடினத்தன்மை. தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம்தான் காரணம். தண்ணி சூடானதும் இது வெள்ளைப் படிவமாக மாறி ஹீட்டரிலும் தட்டிலும் ஒட்டிக்கொள்ளும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லை என்றால் 600 வரை அனுமதி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு முறை கழுவ 10 லிட்டர், கடினத்தன்மை 600 என்றால், ஒரு தடவைக்கு 6 கிராம். தினம் ஒரு முறை ஓட்டினால் வருஷத்துக்கு 2 கிலோவுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து மெஷினுக்குள் போய்வருகிறது. எல்லாமே படியாது. ஆனால் அதில் கொஞ்சம் தங்கினாலே ஹீட்டர் திணறும்.

இரண்டாவது உப்புத்தன்மை, அதாவது குளோரைடு. எவர்சில்வருக்கு முக்கிய எதிரி இதுதான். சின்னச் சின்னப் புள்ளியாகத் துருப்பிடிக்க ஆரம்பித்து, கடைசியில் ஓட்டை விழும். மீஞ்சூர் வட்டாரத்தில் 1960-களுக்குப் பிறகு நிலத்தடி நீரை அதிகமாக உறிஞ்சியதால், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கரையோர போர் தண்ணி கரிப்பது இதனால்தான். கடலுக்குப் போய்வந்த படகு இன்ஜினை ஏன் நல்ல தண்ணியில் அலசுகிறார்கள் என்பது மீனவக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிஷ்வாஷருக்கும் அதே நியாயம்தான்.

டிஷ்வாஷருக்குள் உப்பு போடச் சொல்கிறார்களே, அது ஏன்?

மெஷினின் அடியில் ‘சாஃப்ட்னர்’ என்ற பகுதி இருக்கும். அதில் உள்ள ரெசின் மணிகள் தண்ணியில் இருக்கும் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தை விடும். கொஞ்ச நாளில் மணிகள் நிறைந்துவிடும். அப்போது நாம் போட்ட உப்பின் கரைசல் அவற்றைக் கழுவி, மறுபடி வேலைக்குத் தயார் செய்யும். அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது: சாஃப்ட்னர் கடினத்தன்மையை மட்டும்தான் குறைக்கும். தண்ணி கரிப்பதை மாற்றாது. ‘சாஃப்ட்னர்தான் இருக்கே’ என்று கரிப்புத் தண்ணியைக் கொடுத்தால், தட்டு பளிச்சென்று வரும், மெஷின் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

‘உப்பு நம்ம ஊர்லயே கிடைக்குதே, கல் உப்பு போட்டா ஆகாதா?’ ஆகாது. உப்பளத்துக் கல் உப்பில் கால்சியம், மக்னீசியம் கலந்திருக்கும். எதை வெளியேற்றப் பார்க்கிறோமோ, அதையே உள்ளே போடுவதாகிவிடும். சமையல் தூள் உப்பில் அயோடினும், கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் சுத்தமான உப்புதான் வேண்டும். போட்ட உடனே ஒரு முறை மெஷினை ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்பு அப்படியே கிடந்தால் எவர்சில்வர் தரை அரிக்கும்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

• தண்ணி டெஸ்ட்: ஆன்லைனில் வாங்கும் டிடிஎஸ் மீட்டர் போதாது. அது மொத்தக் கரைசலைத்தான் காட்டும். கடினத்தன்மை எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். கடினத்தன்மை எண்ணை வைத்துத்தான் சாஃப்ட்னர் லெவலை செட் செய்ய முடியும். உங்கள் மாடல் எவ்வளவு வரை தாங்கும் என்பது மேனுவலில் இருக்கும்.

• குளோரைடு: குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம், உச்ச வரம்பு 1,000. உங்கள் போர் தண்ணி 250-ஐத் தாண்டினாலே யோசியுங்கள். 1,000-ஐ நெருங்கினால் அந்தத் தண்ணி மெஷினுக்கு வேண்டாம்.

• அழுத்தம்: பல மாடல்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயரத் தண்ணி தருவது சுமார் 1 பார். அப்படியென்றால் 0.5 பாருக்கு டேங்க் 5 மீட்டர் மேலே இருக்கணும். ஒற்றை மாடி வீட்டு மொட்டைமாடி டேங்க்கில் இது கிடைப்பது கஷ்டம். சின்ன பிரஷர் பம்ப் தேவைப்படும்.

• மின்சாரம்: ஹீட்டர் சுமார் 2,000 வாட் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த்திங், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மூன்றும் கட்டாயம். உப்புக்காற்று பிளக் முனைகளையும் அரிக்கும் என்பதால், வருஷத்துக்கு ஒரு முறை எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

நல்ல தண்ணிக்கு எங்கே போவது?

ஒரு முறை ஓட 9 முதல் 14 லிட்டர் ஆகும். கிட்டத்தட்ட ஒரு குடம். திறந்த குழாயில் கழுவும் நகரத்து வீட்டுக்கு இது மிச்சம். ஆனால் போர் தண்ணியில் தேய்த்து, கடைசியாகக் கொஞ்சம் நல்ல தண்ணியில் அலசும் கடலோர வீட்டுக்கு இது கூடுதல் செலவு. குடிக்கிற தண்ணியிலிருந்து தினம் ஒரு குடம் எடுக்க முடியுமா? அந்தக் குடத்தைச் சுமப்பது யார்? மெஷின் வாங்கும் முன் வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இதுதான். அம்மாவின் வேலையைக் குறைக்க வாங்கிய மெஷின், அவர் தலையில் இன்னொரு குடத்தை ஏற்றிவிடக் கூடாது.

வீட்டு ஆர்ஓ குழாயை நேராக இணைப்பதும் சரிவராது. அதில் வரும் வேகம் மெஷினுக்குப் போதாது. குழாய்க் குடிநீர் வருகிற வீடு என்றால், தனியாக ஒரு சின்ன டேங்க்கும் பிரஷர் பம்பும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மீன் சமைக்கும் வீட்டில் என்ன மாறும்?

மீன் முள், செதில், இறால் ஓடு. இந்த மூன்றும்தான் ஃபில்டருக்கும் வடிகால் பம்புக்கும் வில்லன். தட்டைக் கழுவி வைக்கத் தேவையில்லை. முள்ளை வழித்துப் போட்டுவிட்டு வைத்தால் போதும்.

மீன் குழம்பு வைக்கும் மண்சட்டியை உள்ளே வைக்காதீர்கள். மண் சோப்பை உறிஞ்சிக்கொள்ளும், அடுத்த குழம்பில் அது வெளியே வரும். அலுமினியம் கறுத்துப்போகும். இரும்புச் சட்டி துருப்பிடிக்கும். எவர்சில்வரும் கண்ணாடியும் பீங்கானும் தாராளமாக வைக்கலாம்.

கவிச்சி வாடை நிற்கிறதா? அதற்குக் காரணமான வேதிப்பொருள் காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் அடங்கிவிடும். மீனை எலுமிச்சை, புளித் தண்ணியில் அலசுவதும் அதற்குத்தான்.

பராமரிப்பு அட்டவணை

• வாரம் ஒரு முறை: அடியில் இருக்கும் ஃபில்டரைத் திருகி எடுத்து, குழாயடியில் மென்மையான பிரஷால் கழுவுங்கள். திரும்பப் போடும்போது இறுக்கமாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். லூசாக இருந்தால் முள் நேராகப் பம்புக்குப் போய்விடும்.

• மாதம் ஒரு முறை: சுழலும் ஸ்ப்ரே கைகளைக் கழற்றி, ஓட்டைகளைப் பல்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். கதவு ரப்பரை ஈரத்துணியால் துடையுங்கள். சிட்ரிக் ஆசிட் (எலுமிச்சை உப்பு) அல்லது கம்பெனி தரும் டீஸ்கேலர் போட்டு, பாத்திரம் இல்லாமல் சூடான புரோகிராமில் ஓட்டுங்கள்.

• வருஷம் இரு முறை: வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரு முறை, கோடையில் ஒரு முறை தண்ணியை மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். மழைக்கும் வெயிலுக்கும் தண்ணியின் தன்மை மாறும். அதற்கேற்ப சாஃப்ட்னர் லெவலை மாற்றணும்.

பிரச்சினை வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

• தண்ணி ஏறவில்லை: குழாய் திறந்திருக்கிறதா, டேங்க்கில் தண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குழாயை மூடிவிட்டு, இன்லெட் பைப் முனையில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றுங்கள். மணல் அடைத்திருக்கலாம்.

• தண்ணி வடியவில்லை: ஃபில்டர், வடிகால் பைப் மடிப்பு, பம்பு மூடிக்கு அடியில் முள் என்று இந்த வரிசையில் பாருங்கள்.

• தட்டு வெள்ளையாகப் பூக்கிறது: உப்பு தீர்ந்திருக்கும், அல்லது சாஃப்ட்னர் லெவல் குறைவு. துடைத்தாலும் போகாமல் கண்ணாடி மங்கலாகவே இருந்தால், தண்ணி தேவைக்கு மேல் மென்மையாகி கண்ணாடி தேய்கிறது என்று அர்த்தம்; லெவலைக் குறையுங்கள்.

• ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது: மறுபடி மறுபடி தூக்கிப்போட்டு ஓட்டாதீர்கள். ஹீட்டரில் மின்கசிவு இருக்கலாம். டெக்னீஷியன்தான் பார்க்கணும்.

• அடியில் தண்ணி தேங்குகிறது: குழாயை மூடி, மெஷினை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மெஷினைச் சாய்த்துத் தண்ணியை வடித்துவிட்டு ஓட்டினால் கசிவு அப்படியேதான் இருக்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போல வீட்டுக்குள் வெள்ளம் புகுந்திருந்தால், மெஷின் காய்ந்துவிட்டது என்று நம்பி ஸ்விட்ச் போடவே கூடாது. உள்ளே உப்பும் சேறும் இருக்கும்.

சர்வீஸ் ஆள் வரவில்லை என்றால்?

பெரிய ஊரைத் தாண்டியதும் சர்வீஸ் மெதுவாகத்தான் வரும். எனவே வாங்கும் முன்பே உங்கள் பின்கோடுக்கு சர்வீஸ் உண்டா, உதிரிபாகம் எங்கிருந்து வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தில், பதிவு செய்த நிறுவனங்களின் மேனுவல், வாரன்டி, உதிரிபாக விவரங்கள் கிடைக்கும். புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சுருக்கமாகச் சொன்னால், கடலோரத்தில் டிஷ்வாஷர் தாங்கும். ஆனால் நல்ல தண்ணி கிடைக்கிற வீட்டில் மட்டும்தான். டெஸ்ட் ரிப்போர்ட்டில் குளோரைடு அதிகம் என்று வந்தால், அந்தப் பணத்தில் முதலில் டேங்க்கும் நல்ல தண்ணி இணைப்பும் வாங்குங்கள். மெஷின் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.