வீரர் படங்களும் விலையும்

சாவகச்சேரியிலே ஒரு சிறுவன் கிரிக்கட் வீரர் படமொன்றைக் கொப்பித் தாள்களுக்கிடையே பொதிந்து வைத்தால், முத்திரை சேர்ப்பது போன்றதொரு பொழுதுபோக்கென்றே வீட்டார் எண்ணுவர். மேலைநாடுகளிலோ இத்தகைய அட்டைகளை நிலபுலன் போல முதலீடாக வாங்கி விற்போர் பலர் உளர்.

இவ்வட்டை தொடக்கத்தில் விற்பனைப் பொருளன்று. சிகரெட்டுப் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே வைத்த தடித்த கடதாசியே அது. அதன் வெற்று முகத்திலே படம் அச்சிட்டு விளம்பரமாக்கினர் வணிகர். 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் கிரிக்கட் வீரர் ஐம்பதின்மரின் படங்களை இவ்வாறு வழங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் அங்கே அவ்வழக்கம் நின்றது. அமெரிக்காவில் சுயிங்கம் விற்றவர் அதனைத் தொடர்ந்தனர்.

இனி, காசுக்கு வாங்காத கடதாசிக்கு விலை வந்த விதம் வியப்பானது. டொப்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், 1952இல் அச்சிட்டு விலைபோகாதிருந்த பேஸ்போல் அட்டைகளைப் பின்னர் பெட்டி பெட்டியாகக் கடலிலே கொட்டிவிட்டதாக அதன் அலுவலரே கூறியுள்ளார். அத்தொகுதியைச் சேர்ந்த மிக்கி மான்ரிலின் அட்டையொன்று 2022இல் 126 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பழுதின்மைக்காகப் பத்துக்கு 9.5 புள்ளி பெற்ற அட்டை அது. அதே ஆண்டில், வெறும் 2 புள்ளியே பெற்ற ஹோனஸ் வாக்னரின் பழைய அட்டை 72.5 இலட்சம் டாலர் பெற்றது; அத்தகையவை சில பத்துகளே எஞ்சியிருப்பதே காரணம். மாறாக, 1980களின் இறுதியில் பெருந்தொகையாக அச்சாகி, எல்லோரும் பெட்டியிலிட்டுப் பூட்டிய அட்டைகளிற் பெரும்பாலானவை இன்று சில்லறைக்கே விலைபோகின்றன. பிறர் எறிந்ததை வைத்திருந்தவன் செல்வனானான். எல்லோரும் வைத்திருந்ததை வைத்திருந்தவன் ஏமாந்தான்.

அருமை ஒன்றே விலையாகுமாயின் சாவகச்சேரியிற் கடதாசிக்கு விலை மிகுந்திருக்க வேண்டும். 1995இல் வலிகாமத்திலிருந்து பெயர்ந்து வந்த மக்களுக்கு இடமளித்த இவ்வூர், 2000ஆம் ஆண்டுப் போரிலே தானும் சிதைந்தது. முத்திரைத் தொகுப்பும் பள்ளிப் படமும் எஞ்சிய வீடுகள் சிலவே. ஆயினும் அவற்றுக்குச் சந்தையில்லை. ஏனெனில் விலைப்பட்டியலும், மெய்ம்மை சோதிப்பவரும், போட்டியிட்டு வாங்குபவரும் இருந்தாலன்றி ஏலம் நிகழாது.

இங்கிருந்து அட்டையில் முதலிட விரும்புவோர் அச்சோதனைக்கு அதனைக் கடல் கடந்து அனுப்ப வேண்டும். போக்குவரத்துக் கூலியும் சோதனைக் கட்டணமும் சேர்ந்து அட்டையின் விலையையே விழுங்கிவிடக்கூடும். கறையானும் மாரிக்கால ஈரமும் வேறு. கொப்பியிலே பசை தடவி ஒட்டிய படத்துக்கோ புள்ளி கிடைப்பது அரிது. அச்சிறுவனோ ஒட்டித்தான் வைத்திருப்பான்.