முதுமையும் இதய மாத்திரையும்

"டாக்டர் கொடுத்த மருந்தைக் கேள்வி கேட்கலாமா?" என்று தயங்கும் பெரியவர்கள் நம்மிடையே பலர். வேறு சிலரோ, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணியதும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகின்றனர். இதயத் துடிப்பைச் சீராக்கப் பல ஆண்டுகள் உட்கொள்ளும் மாத்திரைகளைப் பொறுத்தவரை இவ்விரு வழிகளும் ஆபத்தானவையே.

ஓய்வாக இருக்கும்போது நம் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை வரை துடிக்கிறது. முதுமையில் சிலருக்கு இந்த ஒழுங்கு குலைந்து, தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். அப்போது வேகத்தைக் குறைக்கத் தரப்படும் பழைய மருந்து டிகாக்சின். ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் மருத்துவப் பயனை 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் நூலாக எழுதினார். அச்செடியின் இனத்திலிருந்து பிரித்தெடுக்கப்படுவதே டிகாக்சின்.

இம்மருந்தைப் பெரும்பாலும் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் திறன் குறைகிறது. ஆகவே, 60 வயதில் அளவாக இருந்த மாத்திரை 80 வயதில் மிகையாகிவிடலாம். பசியின்மை, குமட்டல், மனக்குழப்பம், பார்வையில் மஞ்சள் படர்தல், நாடி மிகவும் மெதுவாதல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

தோட்டத்து முதியோர் மருந்து உறைகளைப் படித்துச் சொல்லும்படி ஆசிரியர்களாகிய நம்மிடம் கொண்டு வருவதுண்டு. அப்படி வந்த பாட்டியார் ஒருவர், சில வாரங்களாகச் சோறு இறங்கவில்லை என்றார். "வயசாகிப் போச்சு, வாத்தியாரே" என்று காரணமும் அவரே சொல்லிக்கொண்டார். உறையில் டிகாக்சின் என்றிருந்தது. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி அவர் மகனிடம் கூறினோம். இரத்தப் பரிசோதனையில் மருந்து மிகுந்திருப்பது தெரிந்தது. அளவைக் குறைத்தபின் பாட்டியார் மீண்டும் பசித்து உண்டார்.

அமியோடரோன் என்பது மற்றொரு மருந்து. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். எனவே தைராய்டு சுரப்பியைப் பாதிக்கலாம். நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கக்கூடும். வெயிலில் தோல் எளிதில் கன்றிவிடும். வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் கண்டால் காலம் கடத்தலாகாது. ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒரு முறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனை அவசியம். மேலும், இதனை டிகாக்சினுடன் சேர்த்து உண்டால் டிகாக்சின் இரத்தத்தில் உயரும்.

மருத்துவர்களும் கேள்வி கேட்டே கற்றனர். மாரடைப்பு கண்டவர்களுக்கு என்கைனைடு, ஃபிளெக்கனைடு என்னும் இரு மருந்துகளைக் கொடுத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அவை தாறுமாறான துடிப்பை அடக்கின. ஆனால் மரணங்களோ அதிகரித்தன. 1989இல் ஆய்வில் அவற்றைக் கொடுப்பது நிறுத்தப்பட்டது.

இதைக் கேட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் இதயம் மீண்டும் தறிகெட்டு ஓடலாம். இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்தை நிறுத்தினால் பக்கவாதம் வரலாம்.

அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்துகளையும் ஒரே பையில் கொண்டு செல்வோம். "இது எதற்கு? இன்னும் தேவையா? என் வயதுக்கு அளவு சரியா? என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?" என்று பணிவோடு கேட்போம். இந்த நான்கு கேள்விகளும் மருத்துவரை அவமதிப்பதாகா, அவருக்கு உதவுவதாகும்.