வாத்து வறுவலும் அதற்கேற்ற தொடுகறிகளும்

அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய மணிகளையும், நத்தை, புழு, பூச்சி முதலியவற்றையும் மேய்வதற்காக வாத்து மந்தைகள் இறக்கப்படுவது காவிரிப் பாசனப் பகுதியிலும், ஆரணி, செங்கற்பட்டுப் பக்கங்களிலும் நெடுநாளாக உள்ள வழக்கம். வயலுக்கு எருவும், மந்தைக்காரருக்கு முட்டையும் இதனால் கிடைக்கின்றன. ஆயினும் இரண்டு பருவம் முட்டையிட்டு ஓய்ந்த வாத்துகளை மந்தைக்காரர் தூரத்து வியாபாரிக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். மந்தை மேயும் ஊரிலேயே அவற்றை வாங்கி உண்போர் சிலரே. காரணம் கேட்டால், கவிச்சி வாடை என்பர். கொழுப்பு மிகுதி என்பர். இரண்டு துண்டுக்குமேல் தின்ன முடியவில்லை என்பர். முதற் குறை வாத்தைச் சுத்தஞ் செய்த முறையைச் சார்ந்தது. இரண்டாவது அப்பக்ஷியின் இயல்பு. மூன்றாவதோ வாத்தின் குற்றமன்று. இலையில் அதனருகே வைக்கப்பட்ட பதார்த்தங்களின் குற்றமேயாம்.

நீரில் நீந்தும் பக்ஷியாதலின் வாத்தின் தோலுக்கடியில் கொழுப்பு படிந்திருக்கிறது. அமெரிக்க விவசாய இலாகாவின் உணவுப் பட்டியலின்படி, வளர்ப்பு வாத்தைத் தோலோடு வறுத்த இறைச்சியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 28 கிராம் கொழுப்பு உண்டு. தோலை நீக்கினால் அது 11 கிராமாகக் குறைகிறது. இக்கணக்கு அங்கே கொழுக்க வளர்க்கப்படும் இனத்துக்குரியது. வயலில் நடந்து மேயும் நம் நாட்டு வாத்துகளில், சந்நியாசி, கீரி என்று வழங்குபவை உட்பட, கொழுப்பு இவ்வளவு இராது. எனினும் கோழியைவிட மிகுதிதான். இத்தகைய இறைச்சிக்கு நெய்ச்சோறும், தேங்காய் அரைத்துவிட்ட குருமாவும், வடையும் துணையாக வைத்தால், கொழுப்பின்மேல் கொழுப்பு சேர்ந்து நாக்கும் வயிறும் ஒருங்கே சலித்துப் போகின்றன. விருந்துக்குச் செலவு செய்தவருக்குப் பெயரும் இல்லை. மறு வருஷம் அவ்வீட்டில் வாத்தும் இல்லை.

வாத்தை விரும்பி உண்ணும் பிற தேசத்தார் இவ்விஷயத்தில் செய்வதைக் கவனித்தல் நலம். இங்கிலாந்தில் பச்சைப் பட்டாணியையும், புளிப்பு ஆப்பிளை மசித்த கூழையும் வைப்பர். ஜெர்மனி, டென்மார்க்கு தேசங்களில் கிறிஸ்துமஸ் வாத்துக்குச் செந்நிற முட்டைக்கோசை வினிகரும் சிறிது சர்க்கரையும் இட்டு வேகவைத்து, உருளைக்கிழங்கோடு பரிமாறுவர். பீக்கிங் நகரத்தாரோ மெல்லிய கோதுமை அடையில் வாத்துத் துண்டும், வெங்காயத் தாளும், வெள்ளரிக்காய்க் கீற்றும் வைத்து, இனிப்புக் கலந்த மாவுக் குழம்பு தடவிச் சுருட்டி உண்பர். தேசங்கள் வேறாயினும் உபாயம் ஒன்றே. புளிப்பு ஒன்று, நீர்ச்சத்துள்ள பச்சைக் காய் ஒன்று, கொழுப்பை ஏற்றுக்கொள்ளும் மாவுப் பண்டம் ஒன்று.

நம் அண்டையிலுள்ள குட்டநாட்டைப் பார்த்தாலும் இதுவே விளங்கும். ஆலப்புழைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களில் மிளகு, இஞ்சி, பூண்டு, வினிகர் சேர்த்து வேகவைத்து, பின்னர் வறுத்தெடுக்கும் வாத்து ரோஸ்ட்டுக்கு ஆப்பமே துணை. தேங்காய்ப்பால் விட்ட மப்பாஸ் என்னும் குழம்பும் அங்கே உண்டே என்று சிலர் கேட்கலாம். அது வேறு சமையல். வறுவலோடு சேர்த்து ஒரே இலையில் இரண்டையும் குவிப்பது உசிதமன்று.

இனி, நம் தோட்டத்திலும் வயல் வரப்பிலும் கிடைப்பவற்றைக் கொண்டே இம்மூன்றையும் அமைக்கும் வகையைக் கூறுவோம். புளிப்புக்கு முதலிடம் மாங்காய்க்கே உரியது. பங்குனி, சித்திரையில் காய்த்த மாங்காயைத் தோல் சீவி வேகவைத்து மசித்து, சிறிது வெல்லமும் உப்பும் இரண்டு காய்ந்த மிளகாயும் சேர்த்த பச்சடி, ஆங்கிலேயர் ஆப்பிள் கூழுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ருசியில் மேலானது என்றே சொல்லலாம். தை, மாசியில் மாங்காய் கிடையாதாதலின் புளிச்சகீரையைக் கொள்ளலாம். கீரையை நன்கு அலசி, தண்ணீர் விடாமல், பச்சை மிளகாயும் பூண்டும் உப்பும் இட்டு மூடி வேகவைத்துக் கடைந்தால் போதும். தாளிக்க எண்ணெய் வேண்டுவதில்லை, வறுவலில் உள்ளதே அதற்கும் ஆகும். கீரையும் அகப்படாத வீட்டில் பழைய உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு இருந்தாலும் காரியம் நடந்துவிடும்.

காய்களில் தை மாதத்துப் பச்சை மொச்சை மிகச் சிறந்தது. தோலுரித்து உப்பு நீரில் வேகவைத்து, மிளகுத்தூள் தூவிப் பரிமாற வேண்டும். தேங்காய் துருவிப் போடும் பழக்கத்தை அன்று ஒருநாள் நிறுத்தி வைத்தல் வேண்டும். வெள்ளை முள்ளங்கியைத் துருவி உப்பும் எலுமிச்சஞ் சாறும் பிசறி வைப்பதும், வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி வைப்பதும் அடுப்புச் செலவும் இல்லாதவை. சின்ன வெங்காயத்தை நறுக்கி வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் அதன் காரம் தணிந்து, வறுவலுக்கு ஏற்ற பக்குவம் அடையும்.

மாவுப் பண்டத்துக்கு வெறுஞ்சோறே போதும். இடியாப்பமும் ஆப்பமும் விசேஷ நாளுக்கு நல்லவை. மரவள்ளி பயிரிடுவோர் கிழங்கைத் தோலுரித்துத் துண்டுகளாக்கி, நிறைய நீரில் பாத்திரத்தை மூடாமல் வேகவைத்து, அந்நீரை இறுத்துக் கொட்டிவிட்டுப் பரிமாறலாம். கிழங்கில் உள்ள நச்சுத்தன்மை குறைவதற்கு இது அவசியமாதலின் இவ்விடத்தில் அவசரம் கூடாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு வைப்பதும் உண்டு. அதன் இனிப்பு எல்லோருக்கும் பிடிப்பதில்லை.

வகைக்கு ஒன்றாக மூன்றே வைத்தால் போதும். ஏழெட்டுத் தொடுகறி வைப்பது விருந்தினரை உபசரிப்பதைக் காட்டிலும் அண்டை வீட்டாரை வியக்கச் செய்வதற்கே பெரும்பாலும் பயன்படுகிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள நாட்டு வாத்து, சுத்தஞ் செய்தபின் சுமார் ஒரு கிலோதான் நிற்கும். அதிலும் எலும்பு மிகுதி. தொடுகறிகள் நன்கு அமைந்தால் அது நால்வருக்குக் காணும்.

வாத்தை வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2014 நவம்பரில் குட்டநாட்டு வாத்துகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டு, ஏராளமான வாத்துகள் அழிக்கப்பட்டன. 2016, 2021 ஆகிய ஆண்டுகளிலும் அந்நோய் அங்கே தலைகாட்டிற்று. மந்தைகள் ஊர்விட்டு ஊர் செல்பவை. ஆதலின், மந்தையில் வாத்துகள் திடீரென மடிந்தாலும், கழுத்து திருகித் தள்ளாடினாலும், அதிலிருந்து ஒன்றையும் விலை மலிவென்று வாங்கலாகாது. செத்த வாத்தை அறுப்பதும் தொடுவதும் ஆபத்து. நன்கு வெந்த இறைச்சியில் அந்நோய்க் கிருமி பிழைப்பதில்லை. அறுத்துச் சுத்தஞ் செய்யும் கைகளுக்கே அபாயம் முதலில் நேரும். இத்தகைய மரணம் காணும் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் தாமதமின்றிக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பதோடு, அம்மந்தை அடுத்த கிராமத்துக்கு நகராதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல வாத்தாயின், அறுப்பதற்கு முதல் நாள் இரவு தீனி கொடாமல் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். இறகு நீக்கியபின் வாலின் அடியில் மேற்புறமாக உள்ள எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறிவதை மறக்கலாகாது. கவிச்சியில் பெரும்பகுதி அதனோடு போய்விடும். முட்டை ஓய்ந்த முதிர்ந்த வாத்தைச் சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிட்டுப் பிறகே வறுக்க வேண்டும். இளம் வாத்தாயின் தசையில் படாமல் தோலை மட்டும் ஆங்காங்கே குத்தி, இளந்தீயில் வைத்தால் கொழுப்பு தானாகவே உருகி இறங்கும். தொடையின் மூட்டு எளிதில் அசைந்து, குத்திய இடத்தில் சிவப்பின்றித் தெளிந்த சாறு வந்தால் வெந்தது என்று கொள்ளலாம்.

இறங்கிய கொழுப்பைக் கொட்டிவிடாமல் வடிகட்டி, ஈரமற்ற ஜாடியில் மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் சில நாட்களுக்குக் கிழங்கு வறுக்க உதவும். எஞ்சிய எலும்பை மறுநாள் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து இறுத்தால் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஏற்ற ரசம் ஆகிறது. மேலே மிதக்கும் கொழுப்பை மட்டும் அகப்பையால் எடுத்துவிட வேண்டும்.