தாய்ப்பாலுக்கு முந்திய அமுது

பேறுகால வலியில் இருந்த இரத்னாவதியிடம் வந்து சேர முடியாமல், அவள் தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே தவித்து நின்றாள். சிவபெருமானாகிய செவ்வந்திநாதரே அந்தத் தாயின் வடிவெடுத்து வந்து பிரசவம் பார்த்தார். திருச்சி மலைக்கோட்டை ஈசன் தாயுமானவர் ஆனது அப்படித்தான். சுகப்பிரசவம் வேண்டி அவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு. தாயின் உதவி எட்டாத வேளையில் தாயாக நிற்கும் அந்தக் கருணையை, பிறந்த உயிரின் செல்லுக்குள்ளும் காண்கிறேன்.

கருவில் இருக்கும்வரை தொப்புள்கொடி வழியே உணவு இடைவிடாது வருகிறது. பிறந்த கணத்தில் அது நின்றுபோகிறது. பால் குடித்து உடல் தேறும்வரை அந்தச் சின்னஞ்சிறு உயிர் எதைக் கொண்டு பிழைக்கும்? ஜப்பானின் நொபோரு மிசுஷிமா குழுவினர் 2004-இல் சுண்டெலிக் குட்டிகளில் விடை கண்டார்கள். பிறந்த சில மணி நேரத்திலேயே இதயம், உதரவிதானம் போன்ற உறுப்புகளின் செல்கள் தம் உட்பொருள்களையே பிரித்து உணவாக்கத் தொடங்கின. ஓரிரு நாளில் அந்த வேகம் தணிந்தது. இந்த வேலைக்குத் தேவையான மரபணு ஒன்று இல்லாத குட்டிகளோ ஒரு நாளுக்குள் இறந்துபோயின.

இதற்கு ஆட்டோஃபேஜி, அதாவது தன்னுண்ணல் என்று பெயர். அமினோ அமிலம் குறைந்ததும் எம்டார் என்னும் புரதம், அதுவரை போட்டிருந்த தடையை விலக்குகிறது. செல்லுக்குள் இரட்டைச் சவ்வு ஒன்று கிண்ணம்போல் வளைந்து எழுகிறது. அதன் விளிம்புகள் வளர்ந்து, பழுதான புரதங்களையும் நலிந்த மைட்டோகாண்ட்ரியாவையும் வளைத்துக்கொண்டு மூடிவிடுகின்றன. ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவே உள்ள இந்தப் பைதான் ஆட்டோஃபேகோசோம். அமிலமும் நொதிகளும் நிறைந்த லைசோசோமோடு அது இணைகிறது. உள்ளே இருந்தவை சிதைந்து, அமினோ அமிலங்களாகச் செல்லுக்கே திரும்புகின்றன. அவற்றைக் கொண்டு செல் புதிய புரதங்களைக் கட்டுகிறது, ஆற்றலும் பெறுகிறது.

லைசோசோமைக் கண்டறிந்த கிறிஸ்டியன் டி டூவ் 1963-இல் இந்நிகழ்வுக்குப் பெயர் சூட்டினார். அதன் மரபணுக்கள் தெரிய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. யோஷினோரி ஓசுமி ரொட்டி ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். இவ்வேலைக்கு இன்றியமையாத 15 மரபணுக்களை 1993-இல் இனங்கண்டார். அவருக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈஸ்ட்டில் கண்ட அதே அடிப்படை ஏற்பாடு மனிதர் வரை தொடர்வது எத்தனை பெரிய அதிசயம்!

பசிக்காத நாளிலும் இந்தப் பணி ஓய்வதில்லை. வாழ்நாள் முழுதும் உழைக்க வேண்டிய நரம்பு செல்களில் இது நின்றுபோனால், கழிவுப் புரதங்கள் திரண்டு அவை நலிகின்றன. அழித்தலும் காத்தலும் இங்கே ஒரே செயல். நாம் கேட்கவில்லை, கேட்க அறிந்திருக்கவும் இல்லை; பிறக்கும் முன்பே கொடுத்துவைத்த இந்தக் கருணைக்கு நன்றி சொல்ல ஓர் ஆயுள் போதாது.