பழைய மரச்சாமானும் புதுப் பூச்சும்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர் போன்ற ஊர்களில் பழைய சாமான் கடைக்கு வந்து சேரும் மரப்பொருள்கள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். 1993ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயம் ஏனாத்தூரில் இயங்குவதால், கல்லூரி அமைந்த எல்லா ஊர்களையும் போலவே இங்கும் படிப்பு முடித்து அறையைக் காலி செய்வோர் கழித்துவிடும் மேஜை, கட்டில், புத்தக அலமாரி ஆகியவை ஒரு வகையாகின்றன. தறித்தொழிலால் வாழ்ந்த பழைய வீடுகள் இடிக்கப்படும்போதோ பாகம் பிரிக்கப்படும்போதோ வெளிவரும் ஊஞ்சற்பலகை, பெட்டகம், சாய்வு நாற்காலி, கணக்கெழுதும் சாய்வு மேஜை, சில வேளைகளில் தறியிலிருந்து கழற்றிய படைமரம் முதலியவை மற்றொரு வகை. கடை வாசலில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தாலும், புதுப்பித்தலைப் பொறுத்தவரை இவை வேறு வேறு உலகங்களைச் சேர்ந்தவை.

முதல் வகையில் பெரும்பகுதி மரமே அன்று. மரத்தூளையும் சிறு சிராய்களையும் செயற்கைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்த பலகையின்மேல் மரக்கோடுகள் அச்சிட்ட தாளையோ சன்மைக்காவையோ ஒட்டிவிடுகிறார்கள். விளிம்பு பெயர்ந்து ஒருமுறை தண்ணீர் உள்ளே இறங்கினால் அந்தத் தூள் ஊதிப் பெருத்துவிடுமாதலாலும், அதன்பின் திருகாணி அதில் பிடிப்பதில்லையாதலாலும், அதைச் செப்பனிடச் செலவிடும் உழைப்பு பொதுவாக வீண். ஒட்டுப்பலகை, அதாவது மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட், இதைவிட மேலானது. அதைப் பழுதுபார்த்து வண்ணம் தீட்டலாம்.

இரண்டாம் வகையே பேசத்தக்கது. 1923 முதல் கோத்ரெஜ் நிறுவனம் செய்துவந்த இரும்பு பீரோ சிறிது சிறிதாக நடுத்தரக் குடும்பங்களுக்குள் புகுந்து, கல்யாணச் சீர்வரிசையில் மரப்பெட்டகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வரையில், தமிழ்நாட்டு வீடுகளில் பொருளைப் பூட்டிவைக்கப் பயன்பட்டது மரமே. அதிலும் வசதி படைத்தோர் விரும்பியது பர்மாத் தேக்கு. செட்டிநாட்டு மாளிகைகளுக்கும் கடலோர நகரங்களுக்கும் கப்பலில் வந்திறங்கிய அந்தத் தேக்கு, 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றி அங்கிருந்த தமிழ் வணிகர்கள் வெளியேற நேர்ந்தபின் பழைய அளவில் வரவில்லை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்று விலைபேசப்படும் கதவுகளும் தூண்களும் நாற்காலிகளும் பெருமளவு அந்தக் காலத்து மரம்தான். ஈட்டி மரத்துக்கு 1994ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு ஈட்டிமரப் பாதுகாப்புச் சட்டம் வெட்டுத்தடை விதித்த பிறகு, பழைய சாமானில் உள்ள ஈட்டிக் கட்டையின் மதிப்பு மேலும் கூடிவிட்டது.

மரத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது என்பதை ஆசாரிமார் நன்கறிவர். அடிமரத்தின் நடுவே முற்றி இறுகிய பகுதியை அவர்கள் வைரம் என்றும், பட்டையை அடுத்து வெளுத்திருக்கும் இளம்பகுதியை வெளிறு என்றும் சொல்வார்கள். தேக்கின் வைரத்தில் இயற்கையாக ஊறிய எண்ணெய்ப்பசையும் பூச்சிகளுக்கு ஒவ்வாத வேதிப்பொருள்களும் உண்டு; வெளிறில் அவை மிகக் குறைவு. ஆகவே தேக்கு நாற்காலியே ஆனாலும், வெளிற்றிலிருந்து அறுத்த கால் உளுத்துப்போவதில் வியப்பில்லை. கரையான் அரிப்பையும் உளுப்பையும் பிரித்தறிவதும் அவசியம். கரையான் மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறிவந்து மரத்தை உள்ளீடற்றதாக்கும். உளுக்கும் வண்டோ மரத்துக்குள்ளேயே புழுவாக வளர்ந்து, ஊசித்துளைகள் இட்டு வெளியேறி, கீழே மாவு போன்ற தூளைக் கொட்டிவைக்கும். துளை பழையதாயிருந்து தூள் புதிதாக விழாவிட்டால் மரம் இப்போது நோயற்றது என்று கொள்ளலாம். தூள் விழுந்துகொண்டிருக்குமாயின், மருந்திட்டுக் குணப்படுத்திய பின்னரே வேறெந்த வேலையையும் தொடங்க வேண்டும்.

மரம் காற்றின் ஈரத்தை வாங்கி அகலத்தில் பெருத்தும், வெயிலில் அதை விட்டுச் சுருங்கியும், வெட்டுண்ட பிறகும் அசைந்துகொண்டேயிருக்கிறது. இந்த ஏற்ற இறக்கமே அதற்கு உண்டாகும் கேட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பதைக் காஞ்சிபுரத்தைவிடத் தெளிவாகக் காட்டக்கூடிய ஊர் அரிது. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தடியில் வைக்கப்பட்டிருக்கும், அத்திமரத்தாலான அத்திவரதர் திருவுருவம் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை, அண்மையில் 1979இலும் 2019இலும், வெளியே எழுந்தருளச் செய்யப்பட்டதை எல்லோரும் அறிவர். தரையில் இருந்தால் விரைவில் கெட்டுவிடும் அத்திமரம் நீருக்குள் நன்கு நீடிக்கும் என்பது கிணற்றுச் சட்டங்களுக்கு அதைப் பயன்படுத்திய பழைய தச்சர்களின் அனுபவம். எப்போதும் நீரில் மூழ்கிய மரத்துக்குள் காற்று புகாததால் பூஞ்சணமும் பூச்சியும் அங்கே பிழைக்க முடிவதில்லை என்று மர அறிவியல் அதற்குக் காரணம் கூறுகிறது. நனைவதும் காய்வதுமாக மாறிமாறி இருக்கும் மரமே முதலில் கெடுகிறது. அடுப்படி முக்காலியும் கிணற்றடிப் பலகையும் கூடத்து ஊஞ்சலுக்கு முன்பே அழிவது இதனால்தான்.

இந்த அசைவைத் தெரிந்துதான் பழைய தச்சர்கள் ஆணியைத் தவிர்த்தார்கள். ஒரு கட்டையில் வெட்டிய துளைக்குள் மற்றொரு கட்டையின் நீட்டிய நாக்கைச் செருகி, மூங்கில் முளை அடித்து இறுக்கி, வச்சிரம் எனப்படும் பசையைத் தடவினார்கள். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசை வெந்நீரில் நனைத்த துணியை வைத்தால் இளகிவிடும் என்பதால், ஆட்டங்கண்ட நாற்காலியை உடைக்காமல் கழற்றி, இணைப்பைத் துடைத்து, மறுபடி பூட்ட முடிந்தது. 1959இல் சந்தைக்கு வந்த ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைகள் வலிமையில் குறைந்தவையல்ல. ஆனால் அவை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. பழைய இணைப்பின்மேல் புதுப்பசையை ஊற்றி, அதற்கும் மேல் இரும்பாணியை அறைந்துவிடுபவர், அடுத்துவரும் தச்சர் அந்தச் சாமானைப் பிளக்காமல் பிரிக்க வழியில்லாமல் செய்துவிடுகிறார்.

பின்னால் வருபவர் கெடுக்காமல் நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற இதே நியாயம் பூச்சுக்கும் பொருந்தும். இந்தக் கட்டுரையின் முதன்மையான கருத்தும் இதுவே. பழைய சாமான்களில் பளபளப்பாக இருப்பது பெரும்பாலும் அவலரக்கு. புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் கூட்டமாக வாழும் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினை உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து, அவல் போல நொறுக்கியது அது. உலக அரக்கின் முக்கிய விளைநிலங்களில் ஒன்று சோட்டா நாகபுரிப் பகுதி. அதை ஆராய 1924இல் ராஞ்சியை அடுத்த நாம்கூமில் ஒரு நிறுவனமே தோற்றுவிக்கப்பட்டது. இந்திய அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பஞ்சுப்பொதியால் தேய்க்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து பரவியதால், நம் அரக்கு நமக்கே பிரெஞ்சு பாலிஷ் என்ற பெயரோடு திரும்பி வந்தது என்பது வேடிக்கையான செய்தி.

மேற்பூச்சு இன்னதென்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. பார்வை படாத அடிப்பகுதியில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை மெல்ல அழுத்தினால், பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சு பழுப்பானால் அது அவலரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் அது லாக்கர் வகை. இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷோ பியூ எனப்படும் பாலியுரிதேன் பூச்சோ ஆகும். அவலரக்கென்று தெரிந்துவிட்டால் சுரண்ட வேண்டியதே இல்லை. படிந்த எண்ணெய்ப்பிசுக்கைக் கற்பூரத் தைலத்தால் துடைத்து, ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு சுமார் 200 கிராம் அவலரக்கை ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, பருத்தித்துணியில் பொதிந்த பஞ்சால் மென்படலங்களாகப் பலமுறை தடவினால், புதுப்படலம் பழையதைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றிவிடும். சூடான காப்பி டம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழுவது இதன் குறை. ஆகவே சாப்பாட்டு மேஜைக்கு இது ஏற்றதன்று. பாலியுரிதேன் அங்கே பயன்படட்டும். ஆனால் தாத்தா காலத்து ஈட்டிமரப் பெட்டகத்தின்மேல் அதைத் தெளிப்பது, பின்னொரு நாளில் அதை நீக்க மரத்தையும் சேர்த்துத் தேய்த்தாக வேண்டிய நிலையை உண்டாக்கும்.

மேலே பூசுவது எளிது, திரும்பப் பெறுவது கடினம் என்பதற்குக் காஞ்சிபுரத்திலேயே சான்று உள்ளது. கைலாசநாதர் கோயிலில் எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் கால ஓவியங்கள் பிற்காலச் சாந்துப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்ததை, புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1931இல் கண்டறிந்தார். இன்று எஞ்சியிருப்பவை சிதறிய துண்டுகளே. அந்தச் சாந்தைப் பூசியவர்களும் கோயிலைப் புதுப்பிப்பதாகவே எண்ணியிருப்பார்கள்.

சாயம் உரிப்பதில் உயிருக்கே ஊறு விளைவிக்கும் ஒன்று உண்டு. பழைய எனாமல் பெயின்ட்களில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று மத்திய அரசு 2016இல் வகுத்த விதி 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய தொட்டிலையோ கதவையோ உப்புத்தாளால் உலர்நிலையில் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நீர்விட்டுத் தேய்ப்பதும், முகக்கவசம் அணிவதும், உதிர்ந்ததை ஈரத்துணியால் திரட்டிக் கட்டி அப்புறப்படுத்துவதும் கட்டாயம். கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவர்களில் சிலவற்றில் உள்ள மெத்திலீன் குளோரைடு மூடிய அறையில் ஆளையே கொல்லும் தன்மையது. அமெரிக்கா 2019இல் அது கலந்த பெயின்ட் ரிமூவர்களைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடைசெய்தது.

இவ்வளவும் சொன்னதனால் வண்ணம் தீட்டுவதே தவறு என்று கொள்ளக் கூடாது. திருவிழாக்களில் பெருமாளைச் சுமக்கும் மர வாகனங்கள் வண்ணம் தீட்டப்பட்டும் தகடு போர்த்தப்பட்டும்தான் காலந்தோறும் நின்று வருகின்றன. அங்கே வண்ணம் உருவத்தின் ஒரு பகுதி. வீட்டுச் சாமானிலும் வேம்பு, மா, பலவகைக் கட்டைகள் கலந்த அலமாரி, ஏற்கெனவே பலமுறை பெயின்ட் கண்ட பெஞ்சு, பிளைவுட் மேஜை ஆகியவற்றுக்கு வண்ணமே தகுந்த உடை. ஆங்கிலேயப் பெண்மணி ஆனி ஸ்லோன் 1990இல் அறிமுகப்படுத்திய சாக் பெயின்ட், தேய்க்காமலே பிடித்துக்கொள்ளும் மங்கிய பூச்சாக மேலைநாடுகளில் பெரும் மோகமாகி இங்கும் பரவியிருக்கிறது. அதன் மேல் மெழுகு இடாவிட்டால் கறை ஏறிவிடும் என்பதையும், தேக்கின்மேல் அதைப் பூசுவது தேக்கை வீணாக்குவதே என்பதையும் விளம்பரங்கள் அழுத்திச் சொல்வதில்லை. எந்தப் பெயின்ட்டானாலும் வெற்றி முன்தயாரிப்பில்தான் இருக்கிறது. பிசுக்கைப் போக்கி, 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220இல் முடித்து, முடிச்சுகளில் பிசின் கசிந்து மஞ்சளிக்காமலிருக்க அவலரக்குக் கரைசல் ஒரு கை தடவி, பிரைமர் இட்டு, பள்ளங்களைப் பட்டியால் நிரப்பி மீண்டும் தேய்த்த பின், தடித்த ஒரு பூச்சுக்குப் பதில் மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகளை இடைவிட்டுக் கொடுக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைப்பதே முறை.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் அவலரக்கு பூசினால் காற்றின் ஈரம் படலத்தில் சிக்கி வெள்ளையடித்தாற்போல் வெளுத்துவிடும் என்பதால், தை முதல் பங்குனி வரையான வறண்ட நாள்களே பாலிஷ் வேலைக்கு உகந்தவை. பிரம்பு பின்னிய இருக்கைகளை அப்போதே பிரித்து, சட்டத்துக்குப் பூச்சு முடிந்தபின் புதுப் பிரம்பை நீரில் ஊறவைத்துப் பின்னுவார்கள். அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் நெடுங்காலம் பார்வையற்றோருக்கு வாழ்வளித்த தொழில் இது. பிளாஸ்டிக் நாற்காலி வந்தபின் இதை அறிந்தவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டியதாயிற்று. வாங்குவோர் அறிய வேண்டிய மற்றொன்று, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத கலை அல்லது வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருளாகக் கருதப்படும் என்பதும், அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதும் ஆகும். வெளிநாட்டில் குடியேறிய உறவினருக்குப் பாட்டி வீட்டுப் பெட்டகத்தைக் கப்பலேற்ற நினைப்போர் அதன் வயதை முதலில் உறுதி செய்துகொள்வதும், கோயில் வேலைப்பாடு போலத் தோன்றும் மரச்சிற்பத்தை எவரேனும் மலிவாக விற்க வந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று கேட்பதும் நல்லது.